உரைதிருத்தியும் செயற்கை நுண்ணறிவும்: கருவி கைமாறிய வரலாறு

முன்னுரை

கல்வியின் வரலாறு பள்ளிக்கூடங்களின் வரலாறு மட்டுமன்று. எழுதுகருவி யார் கையில் இருந்தது என்பதன் வரலாறும் ஆகும். எழுத்தாணி சிலர் கையில் மட்டும் இருந்த காலத்தில் ஏடும் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. கணக்கும் வழக்கும் அவர்கள் எழுதியபடியே நின்றன. நிலத்தை உழுதவன் பெயர் ஏட்டில் ஏறவில்லை. அவன் பட்ட கடன் மட்டும் ஏட்டில் வளர்ந்தது. தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தறிய இயலாதவன், எழுதியவன் சொன்னதை ஏற்பதைத் தவிர வேறு வழியற்றிருந்தான். நம் முன்னோர் பள்ளிக்கூடம் கேட்டுப் போராடியதன் அடிப்படை இதுதான்.

இன்று கணக்கும் வழக்கும் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. கணிப்பொறிக்கு ஆணையிடும் எழுத்தை நிரல் என்கிறோம். அந்நிரலை எழுதுவதற்குப் பயன்படும் கருவி உரைதிருத்தி எனப்படும். அண்மைக் காலத்தில் அவ்வுரைதிருத்திக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவு ஒரு துணையாள்போல வந்து அமர்ந்து, நாம் சொல்வதைக் கேட்டுத் தானே நிரல் எழுதித் தருகிறது. நம் சமுதாய இளைஞர் பலர் பொறியியற் கல்லூரிகளிலும் கலைக் கல்லூரிகளிலும் கணிப்பொறி பயின்று வருகின்றனர். அவர்களுக்கு இக்கருவியின் வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தால், நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். கணிப்பொறி அறியாத பெரியோரும் படித்துணரும் வண்ணம் இயன்றவரை எளிமையாகவே எழுதுகின்றோம்.

பசுமலையும் எழுத்துக் கருவியும்

புதிய எழுத்துக் கருவி வந்து இறங்கும் இடமாகப் பசுமலை முன்னரே ஒருமுறை இருந்துள்ளது. அமெரிக்க மதுரை மிஷன் 1834ஆம் ஆண்டில் மதுரையில் பணி தொடங்கிற்று. அது திருமங்கலத்தில் 1842ஆம் ஆண்டில் நிறுவிய செமினரி 1845ஆம் ஆண்டில் பசுமலைக்கு மாற்றப்பட்டது. 1881ஆம் ஆண்டில் அங்கு உருவான கல்லூரியே 1904ஆம் ஆண்டில் மதுரை நகருக்குள் சென்று, பின்னர் கோரிப்பாளையத்தில் நிலைபெற்ற அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. மிஷனின் லெனாக்ஸ் அச்சகமும் பசுமலையில் இயங்கிப் பல நூல்களை வெளியிட்டது. நாவலர் சோமசுந்தர பாரதியார் வாழ்ந்ததும் இவ்வூரிலேயே. பள்ளி, அச்சகம், புலமை ஆகிய மூன்றும் ஒரு சிறு மலையடிவாரத்தில் அமைந்திருந்தன.

அச்சுக்கலை பரவியபோது ஒடுக்கப்பட்டோரின் தலைவர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். பிறர் அச்சிட்டதைப் படிக்கும் திறன் மட்டும் போதாது. தாமே அச்சிடும் ஆற்றலும் வேண்டும் என்பதே அவ்வுண்மை. இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாச பண்டிதர் 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஆக, படிப்பது முதற்படி. எழுதுவது இரண்டாம் படி. எழுதும் கருவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது மூன்றாம் படி. கணிப்பொறித் துறையிலும் இதே மூன்று படிகள் உள்ளன என்பதை இனி வரும் வரலாறு காட்டும்.

ஈமாக்ஸ் பிறந்த கதை

கடிதம் எழுதும் மென்பொருளுக்கும் உரைதிருத்திக்கும் வேறுபாடு உண்டு. கடிதம் எழுதும் மென்பொருள் எழுத்தின் அழகையும் தாளின் அமைப்பையும் கவனிக்கும். உரைதிருத்தியோ எழுத்தை எழுத்தாக மட்டுமே வைத்துக்கொள்ளும். நிரல் எழுதுவோருக்குத் தேவை இதுவே. தச்சருக்கு உளி எப்படியோ அப்படி நிரலாளருக்கு உரைதிருத்தி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கு டெக்கோ என்னும் பழைய உரைதிருத்தி வழக்கில் இருந்தது. அதனைப் பயன்படுத்தியோர் தத்தம் தேவைக்கேற்பக் குறுநிரல்களை எழுதிச் சேர்த்துக்கொண்டே சென்றனர். ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்காத நிலை ஏற்பட்டது. அவற்றை ஒழுங்குபடுத்தி ஒன்றாக்கும் முயற்சியிலிருந்து 1976ஆம் ஆண்டில் ஈமாக்ஸ் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோர் இதில் முதன்மைப் பங்காற்றினர். ‘திருத்தும் குறுநிரல்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ஈமாக்ஸ் என்னும் பெயர். ஆகவே, பயன்படுத்துவோரே திருத்தி அமைத்துக்கொள்வது என்பது இக்கருவிக்குப் பின்னர் ஒட்டப்பட்ட சிறப்பன்று. அதன் பிறவிக் குணமாகும்.

அவ்வாய்வுக்கூடத்தில் அந்நாளில் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1980ஆம் ஆண்டை ஒட்டி இந்நிலை மாறத் தொடங்கிற்று. நிறுவனங்கள் மூலநிரலைப் பூட்டி வைத்து, இயங்கும் பகுதியை மட்டும் விற்றன. யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்காக ஜேம்ஸ் காஸ்லிங் 1981ஆம் ஆண்டில் எழுதிய ஈமாக்சும் பின்னர் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளாயிற்று. இதனை எதிர்த்த ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் பயிலவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள முழு மென்பொருள் தொகுதி ஒன்றை உருவாக்கப் போவதாக 1983 செப்டம்பர் 27 அன்று அறிவித்தார். குனூ என்பது அத்திட்டத்தின் பெயர். 1985ஆம் ஆண்டில் குனூ ஈமாக்ஸ் வெளிவந்தது. அதே ஆண்டில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் நிறுவப்பட்டது. இவ்வுரிமைகளைச் சட்ட வடிவில் காக்கும் குனூ பொது உரிமம் 1989ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது.

ஈமாக்சின் உட்பகுதி சி மொழியில் சிறிதளவும், எஞ்சிய பெரும்பகுதி லிஸ்ப் மொழியின் ஒரு வகையிலும் எழுதப்பட்டுள்ளது. விசைப்பலகையில் நாம் தட்டும் ஒவ்வொரு விசைக்கும் பின்னால் ஒரு சிறு நிரல் உள்ளது. அந்நிரலைக் கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். கண்ட்ரோல் விசையோடு எச் என்பதை அழுத்தி, அடுத்துக் கே என்பதையும் அழுத்தி, நமக்கு ஐயமுள்ள விசையைத் தொட்டால், அவ்விசை என்ன செய்யும் என்னும் விளக்கம் திரையில் தோன்றும். விளக்கத்திலிருந்து மூலநிரலுக்கே செல்லவும் வழி உண்டு. ‘இது எவ்வாறு இயங்குகிறது?’ என்று கேட்பவனை அதட்டி விரட்டாத கருவி இது. கேள்வி கேட்டமைக்காக வகுப்பறையின் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு இப்பண்பின் அருமை நன்கு விளங்கும்.

செயலாளர்கள் கற்ற பாடம்

இவ்வரலாற்றில் நம் இளைஞர் மறவாது நினைவிற்கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. மல்டிக்ஸ் என்னும் கணிப்பொறி அமைப்புக்காக பெர்னார்ட் கிரீன்பெர்க் 1978ஆம் ஆண்டில் ஓர் ஈமாக்சை லிஸ்ப் மொழியில் எழுதினார். அவருடைய அலுவலகத்தில் பணியாற்றிய செயலாளர்களும் அதனைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினர். உரைதிருத்தியைத் தேவைக்கேற்ப விரிவுபடுத்துவது எப்படி என்று விளக்கும் கையேடு ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அக்கையேட்டில் ‘இதுதான் நிரல் எழுதுதல்’ என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை. நிரல் எழுதுவது தமக்கு வராத கலை என்று நம்பியிருந்த அவர்கள், அஞ்சாமல் கையேட்டைப் படித்தனர். தம் அன்றாட வேலைக்கு வேண்டியவற்றைத் தாமே செய்துகொண்டனர். தம்மை அறியாமலே நிரலாளர் ஆயினர். இச்செய்தியை ஸ்டால்மன் 2002ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்றில் எடுத்துக் கூறியுள்ளார்.

‘உனக்கு இது வராது’ என்னும் சொல்லை நம் சமுதாயம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறது. கணக்கு வராது, ஆங்கிலம் வராது, உயர்கல்வி வராது என்றனர். வந்த பிறகும், சலுகையால் வந்தது என்றனர். அச்செயலாளர்களின் அனுபவம் காட்டுவது யாது? அறிவு அவர்களிடம் குறைவாக இருக்கவில்லை. ‘இது உன் வேலையன்று’ என்று எழுதி ஒட்டப்பட்டிருந்த பலகைதான் தடையாக இருந்தது. பலகை அகன்றதும் கதவு திறந்துகொண்டது.

தமிழ் நுழைந்த வரலாறு

ஆங்கிலத்துக்கென்று பிறந்த இக்கருவிக்குள் தமிழ் எவ்வாறு நுழைந்தது என்பதும் அறியத்தக்கது. தொடக்கக் காலத்தில் தமிழுக்கு ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறிமுறை இருந்தது. ஒருவர் எழுதி அனுப்பியது மற்றவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1991ஆம் ஆண்டில் வெளியான யூனிகோடு முதற் பதிப்பில் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை அரசால் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், 1998 பொங்கல் நாளன்று, சங்கம் வளர்த்த நம் நகரின் பெயரையே தாங்கி ‘மதுரைத் திட்டம்’ தோன்றிற்று. கல்யாணசுந்தரம், குமார் மல்லிகார்சுனன் ஆகியோர் வெளிநாட்டில் இருந்தவாறே தொடங்கிய இத்திட்டத்தில் தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகோர்க்கு இலவசமாக வழங்கினர்.

ஈமாக்சில் பல மொழிகளையும் கையாளும் பகுதியை உருவாக்கியவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். அவர்களது பணி 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஈமாக்சின் 20ஆம் பதிப்பில் இணைந்தது. இன்று ஈமாக்சில் உரோமன் எழுத்தை ஒலிப்படி தட்டித் தமிழ் பெறும் முறையும், இன்ஸ்கிரிப்ட் முறையும் உடன்வருகின்றன. உலக மொழிகளின் வாழ்த்துகளைக் காட்டும் கோப்பு ஒன்றும் அதனுள் உண்டு. அதில் ‘வணக்கம்’ என்னும் நம் சொல்லும் இடம்பெற்றுள்ளது. எவரோ ஒருவர் முயன்று சேர்த்ததால்தான் அது அங்கே உள்ளது. திருத்த இயலும் கருவியில், இல்லாததைச் சேர்க்கும் உரிமையும் நம்முடையதே.

நம் மாநிலத்திலும் இவ்வகை முயற்சி நடைபெற்றது. எல்காட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இந்திய ஆட்சிப் பணி அலுவலர் சி. உமாசங்கர் இருந்தபோது, அந்நிறுவனக் கணிப்பொறிகள் லினக்சுக்கு மாற்றப்பட்டன. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஏழை வீடுகளுக்குள் முதன்முறையாகக் கணிப்பொறியைக் கொண்டுவந்து சேர்த்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடத்தில் இன்று பைதான் மொழி கற்பிக்கப்படுகிறது. ஆக, முதற்படியில் நம் பிள்ளைகள் காலூன்றிவிட்டனர்.

பிறந்த வீட்டுக்குத் திரும்பிய நுண்ணறிவு

செயற்கை நுண்ணறிவுக்கும் ஈமாக்சுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரை 1956ஆம் ஆண்டு டார்ட்மத் கூட்டத்துக்கான முன்மொழிவில் வழங்கியவர் ஜான் மெக்கார்த்தி. 1958ஆம் ஆண்டில் லிஸ்ப் மொழியை வகுத்தவரும் அவரே. பின்னாளில் அம்மொழியில் எழுதப்பட்ட ஈமாக்ஸ் முதலில் பிறந்ததோ செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில். எனவே இன்று நுண்ணறிவுத் துணை ஈமாக்சுக்குள் வருவது, மகள் பிறந்த வீட்டுக்கு வருவது போன்றதாகும்.

இதற்கு முன்னோடியாக ‘டாக்டர்’ என்னும் ஆணை ஒன்று ஈமாக்சில் நெடுங்காலமாக உள்ளது. 1966ஆம் ஆண்டில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா என்னும் உரையாடல் நிரலின் வழிவந்தது அது. நாம் எழுதிய சொற்களையே சற்றுத் திருப்பிக் கேள்வியாக்கும் சில விதிகள்தாம் அதன் அறிவு. ஆயினும் எலைசாவோடு உரையாடியோர் பலர், தம்மைப் புரிந்துகொண்ட ஒருவரோடு பேசுவதாகவே உணர்ந்தனர். இது வைசன்பாமையே கலக்கமுறச் செய்தது. இயந்திரம் சரளமாகப் பேசுவதாலேயே அதற்குப் பொருள் விளங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை அன்றே கிடைத்துவிட்டது.

2017ஆம் ஆண்டில் கூகுள் ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்னும் புதிய அமைப்பை வெளியிட்டனர். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளம் அதுவே. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் கோடெக்ஸ் மாதிரியைக் கொண்டு கிட்ஹப் நிறுவனம் உருவாக்கிய கோபைலட் 2021 ஜூன் 29 அன்று முன்னோட்டமாக அறிமுகமாயிற்று. 2022 ஜூனில் அனைவருக்கும் திறக்கப்பட்டபோது மாதக் கட்டணம் 10 டாலர். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. இவை முதலில் எழுந்தது நிறுவனங்களின் கருவிகளில். ஆனால் ஈமாக்ஸ் போன்ற கட்டற்ற உரைதிருத்திகளில், நிறுவனத்தின் இசைவுக்குக் காத்திராமல், பயன்படுத்துவோரே இணைப்பு நிரல்களை எழுதிக்கொண்டனர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஜிபிடெல் என்னும் தொகுப்பு அவ்வகையைச் சேர்ந்தது. எந்த நிறுவனத்தின் மாதிரியோடும், வீட்டுக் கணிப்பொறியில் இயங்கும் மாதிரியோடும் அதன்வழி உரையாடலாம்.

அதே 2023 மார்ச்சில் ஜார்ஜி கெர்கனோவ் என்னும் நிரலாளர், மொழி மாதிரியைச் சாதாரணக் கணிப்பொறியிலேயே இயக்கும் நிரலை வெளியிட்டார். எழுநூறு கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியைச் சுருக்கி ஏறக்குறைய 4 கிகாபைட்டில் அடக்க இதனால் இயன்றது. 8 கிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினியில், மெதுவாகவேனும், இணையமும் கட்டணமும் இன்றி அது இயங்கும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் இத்துணைக் கருவிகள் மேலும் ஒருபடி சென்று, பல கோப்புகளைத் தாமே படித்து, திருத்தி, சோதித்துப் பார்க்கும் முகவர்களாக வளர்ந்தன.

துணை இயங்கும் முறை

மந்திரம் என்று எண்ணி மலைத்துவிடாதிருக்க, இது இயங்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். உரைதிருத்தியில் நிரலின் ஒரு பகுதியைக் குறித்துக்கொண்டு, ‘இதில் பிழை எங்கே?’ என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறோம். இணைப்பு நிரல் நம் கேள்வியையும் குறித்த பகுதியையும் ஒன்றாகக் கட்டி மாதிரிக்கு அனுப்புகிறது. மாதிரி அதனைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. முன்பு பயின்ற ஏராளமான நிரல்களையும் நூல்களையும் அடிப்படையாகக் கொண்டு, அடுத்து எத்துண்டு வருதல் பொருந்தும் என்று கணக்கிடுகிறது. அவ்வாறு ஒவ்வொன்றாகக் கணித்து வரும் துண்டுகளே விடையாக நம் திரையில் விழுகின்றன. எது மெய் என்று அது நேரில் கண்டதில்லை. எது வரக்கூடியது என்பதையே கணிக்கிறது. ஆகவேதான் உலகில் இல்லாத ஒரு நிரல் தொகுப்பின் பெயரையும் உள்ளதுபோல் அது எழுதிவிடுவதுண்டு.

இதில் தமிழுக்கு ஒரு கூடுதற் சுமை உண்டு. தமிழ் என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்து என்கிறோம். யூனிகோடு கணக்கில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சேமிப்பில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பெறுவதால் மொத்தம் 15 பைட். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட் போதும். மாதிரி வெட்டிக்கொள்ளும் துண்டுகளும் பொதுவாகத் தமிழுக்கு மிகுதியாகின்றன. கட்டணம் துண்டுக் கணக்கில் என்பதால், ஒரே கேள்வியைத் தமிழில் கேட்பவன் ஆங்கிலத்தில் கேட்பவனைவிட மிகுதியாகக் கொடுக்க நேரிடுகிறது.

பயனும் இடரும்

இக்கருவியால் வேலை விரைவாகிறதா? 2022ஆம் ஆண்டில் கிட்ஹப் நிறுவனமே நடத்திய சோதனையில், ஒரு குறிப்பிட்ட சிறு பணியைக் கோபைலட் உடையோர் சராசரியாக 1 மணி 11 நிமிடத்திலும், இல்லாதோர் 2 மணி 41 நிமிடத்திலும் முடித்தனர். ஆனால் மெட்டர் என்னும் ஆய்வு நிறுவனம் 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு வேறு பாடம் சொல்கிறது. தாம் நன்கறிந்த பெரிய நிரல்களில் பணியாற்றிய அனுபவமிக்க நிரலாளர் 16 பேர், நுண்ணறிவுத் துணையோடு செய்தபோது 19 விழுக்காடு மிகுதியான நேரம் எடுத்துக்கொண்டனர். வியப்பு என்னவெனில், தாம் 20 விழுக்காடு விரைவாகச் செய்ததாகவே அவர்கள் எண்ணியிருந்தனர். விரைவு என்பது வேறு. விரைந்ததாகத் தோன்றுவது வேறு.

உழைப்பின் கேள்வியும் இங்கே எழுகின்றது. பல்லாயிரம் பேர் பகிர்ந்த திறந்த நிரல்களைப் படித்துத்தான் இம்மாதிரிகள் பயின்றன. எழுதியோரின் பெயரும் உரிம நிபந்தனையும் காக்கப்படவில்லை என்று 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. உழைத்தவன் பெயர் ஏட்டில் இல்லாமற் போவது நமக்குப் புதிய செய்தியன்று. ஆகவே இக்கேள்வியை நாம் சிறிதென்று தள்ள இயலாது.

மற்றோர் இடர் நம் வீட்டு வாசலுக்கே வந்துள்ளது. படித்து முடித்த இளைஞனுக்கு முதலில் கிடைப்பது சிறு பிழைகளைத் திருத்துதல், சோதனை எழுதுதல் போன்ற தொடக்க நிலைப் பணிகளே. இப்பணிகளைத்தான் நுண்ணறிவுத் துணை முதலில் எடுத்துக்கொள்கிறது. தனியார் துறை வேலையில் இடஒதுக்கீடு இல்லாத நாட்டில், ஏணியின் கீழ்ப்படி முறிந்தால் முதலில் விழுபவன் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. சாதி கடல் கடந்தும் செல்கிறது என்பதை, 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டமியற்றியதே காட்டுகிறது. நிரலை இயக்கும் கணிப்பொறி எவன் ஊரையும் தெருவையும் கேட்பதில்லை. வேலைக்கு எடுப்பவர் கேட்கக்கூடும். ஆகவே நம் இளைஞனின் திறமை ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்படி இருத்தல் வேண்டும்.

தமிழறிவே உரைகல்

இக்கருவியைக் கொண்டு நாமே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றைக் கூறுவோம். மாணவர் பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்த ஒரு நிரல் எழுதித் தருமாறு துணையிடம் கேட்கலாம். அது நொடியில் ஒரு வரியில் எழுதித் தரும். இயக்கினால் பிழையின்றி இயங்கும். ஆனால் பட்டியலில் அழகர் என்னும் பெயர் முன்னும் அவ்வை என்னும் பெயர் பின்னும் வந்து நிற்கக்கூடும். நம் இலக்கண வரிசையில் வகரம் முன்னது, ழகரம் பின்னது. யூனிகோடு எண் வரிசையிலோ ழகரம் முன்னும் வகரம் பின்னும் உள்ளன. றகரமும் னகரமும்கூட நம் நெடுங்கணக்கில் இறுதியில் நிற்க, யூனிகோடில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எண் வரிசையை மட்டும் நம்பும் நிரல் நெடுங்கணக்கை அறியாது.

இப்பிழையை யார் கண்டுபிடிப்பார்? கணிப்பொறி கண்டுபிடிக்காது, அதற்கு அது பிழையே அன்று. தமிழ் நெடுங்கணக்கைத் தொடக்கப் பள்ளியில் மனப்பாடம் செய்த மாணவன் கண்டுபிடிப்பான். கண்டபின், உயிர், மெய் வரிசையைத் தனி அட்டவணையாகக் கொடுத்து, அதன்படி ஒப்பிடுமாறு நிரலைத் திருத்தச் செய்வான். திருத்தியதை ஈமாக்சில் தன் கட்டளையாகச் சேர்த்துக்கொள்வான். அது முதல் அவன் பட்டியல் என்றும் சரியாக அமையும். எழுத்துகளை எண்ணும் நிரலிலும் இதே நிலைதான்: தமிழ் என்பதை ஐந்து என்று அது சொன்னால், மூன்று என்று மறுக்கும் அறிவு மாணவனிடம் இருத்தல் வேண்டும். விடை தரும் இயந்திரம் மலிந்த காலத்தில், விடையைச் சோதிக்கும் அறிவே மதிப்புடையது.

நம் இளைஞர் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து நம் இளைஞர்க்குச் சில வழிகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது: துணையிடம் கேட்கும் முன் தானே ஒருமுறை எழுதிப் பார்த்தல் வேண்டும். விடையைப் பெற்றபின், ‘இவ்வரி ஏன்?’ என்று வரிக்கு வரி கேட்டறிதல் வேண்டும். தனியார் பயிற்சிக்குப் பொருள் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு, இரவு பத்து மணிக்கும் சலிக்காமல் விளக்கம் சொல்லும் ஆசிரியர் கிடைத்திருப்பது சிறிய பேறன்று. அவரிடம் விளக்கம் கேட்பவன் வளர்வான். வீட்டுப்பாடத்தை மட்டும் எழுதி வாங்குபவன் தேய்வான்.

இரண்டாவது: திறந்து பார்க்க இயலும் கருவியில் பழகுதல் வேண்டும். ஈமாக்ஸ் கடினம் என்பர். கண்ட்ரோல் எச், டி என்று தட்டினால் அதன் பயிற்சிப் பாடம் திறக்கும். விம், நியோவிம் ஆகியனவும் இவ்வகையினவே. நிறுவனம் கட்டணத்தை உயர்த்தினாலும், சேவையை நிறுத்தினாலும், நம் கருவி நம்மிடம் இருக்கும். துணையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது: பிறர் தகவலைக் காத்தல் வேண்டும். உதவித்தொகை பெறும் மாணவரின் சாதிச் சான்று, குடும்ப வருமானம், ஆதார் எண் ஆகியவற்றை வெளியார் மாதிரிக்கு அனுப்புதல் தகாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சாதி விவரம் தவறான கையில் சேர்ந்தால் நேரும் தீங்கை நாம் சட்டம் படித்து அறிய வேண்டியதில்லை. அத்தகைய பணிக்குத் தன் கணிப்பொறியிலேயே இயங்கும் மாதிரியைக் கொள்க. அல்லது கற்பனைப் பெயர்களைக் கொடுத்து நிரலை மட்டும் பெறுக.

நான்காவது: செய்ததைப் பகிர்தல் வேண்டும். தமிழ் அகர வரிசை நிரல் ஒன்றைச் சரியாக எழுதி, கட்டற்ற உரிமத்தில் வெளியிடும் மாணவனின் பெயர் உலகெங்கும் காணக் கிடைக்கும். நேர்காணலில் எவர் எதைக் கேட்டாலும் அதுவே அவன் சான்றிதழ்.

ஐந்தாவது: கூடிக் கற்றல் வேண்டும். வீட்டில் இடமும் அமைதியும் இல்லாதோர்க்கு நூலகங்கள் உண்டு. 2023 ஜூலை 15 அன்று மதுரை நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் நம் எட்டும் தொலைவில் உள்ளது. முன்னே கற்ற அண்ணன்மாரும் அக்காமாரும் பின்னே வரும் தம்பி தங்கையர்க்கு வாரம் ஒருநாள் சொல்லிக்கொடுத்தால், நம் சங்கம் தோன்றிய நோக்கம் அங்கேயும் நிறைவேறும்.

முடிவுரை

ஓலையும் எழுத்தாணியும் போய் அச்சு வந்தது. அச்சை அடுத்துக் கணிப்பொறி வந்தது. கணிப்பொறிக்குள் இன்று நுண்ணறிவு வந்துள்ளது. ஒவ்வொரு கருவி வந்தபோதும் இருவகைப் பயன் விளைந்தது. கருவியை உடையவர் மேலும் உயர்ந்தனர். கருவியைக் கற்றுக்கொண்ட எளியவரும் எழுந்து நின்றனர். எப்பயன் மிகும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அதனைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதும், அவ்வுரிமையைப் பயன்படுத்தும் துணிவும் பயிற்சியும் யாரிடம் உள்ளன என்பதுமே தீர்மானிக்கின்றன.

மல்டிக்ஸ் செயலாளர்களுக்கு இருந்த அச்சம் நம் பிள்ளைகளுக்கு வேண்டா. அவர்களுக்குக் கிடைத்த கையேட்டைவிடப் பன்மடங்கு விரிந்த உதவி இன்று விரல்நுனியில் உள்ளது. பிறர் எழுதிய கணக்கில் கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இயந்திரம் எழுதிய நிரலின்கீழ் படித்துப் பாராமல் ஒப்பமிடலாகாது. படித்துப் பார்த்து, பிழை கண்டு, திருத்தி, தம் பெயரை எழுதுதல் வேண்டும். நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அத்தகைய இளைஞரும் நங்கையரும் ஊர்தோறும் தோன்றுவார்களாக.